கல்குவாரிக் கழிவிலிருந்து நுரைக்கண்ணாடி

நுரைக்கண்ணாடி என்பது ஒன்றோடொன்று இணையாத நுண்ணிய வாயு அறைகள் நிரம்பிய, எடை குறைந்த வெப்பக்காப்புப் பொருள். சந்தையில் கிடைக்கும் பலகைகளின் அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 100 முதல் 165 கிலோ வரை இருக்கும். இது தீப்பற்றாது, நீரை உறிஞ்சாது, எலியும் கறையானும் அரிக்காது. வழக்கமாக உடைந்த கண்ணாடியிலிருந்தே இதைச் செய்கிறார்கள். கிரானைட் குவாரிகளிலும் கிரஷர்களிலும் குவியும் கல்தூளையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

கிரானைட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு சிலிக்காவும் 14 விழுக்காடு அலுமினாவும் உண்டு. பாட்டில் கண்ணாடியில் அலுமினா 1, 2 விழுக்காடுதான். அலுமினா மிகுந்து காரம் குறைந்திருப்பதால் கல்தூள் எளிதில் இளகாது. எனவே சோடா சாம்பலோ காஸ்டிக் சோடாவோ சேர்க்கிறார்கள். கல்தூளை முதலில் சுமார் 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கிக் கண்ணாடியாக்கி, அரைத்து, பிறகு நுரைக்க வைப்பது ஒரு முறை. சீரான பொருள் கிடைக்கும், ஆனால் எரிபொருள் செலவு கழிவின் மலிவை விழுங்கிவிடும். காரம் கலந்த தூளை நேரடியாக 850 முதல் 950 டிகிரியில் சுடுவது சிக்கனமான முறை. இதில் கரையாமல் எஞ்சும் குவார்ட்ஸ்தான் தொல்லை. ஆறும்போது 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறிச் சுருங்குவதால் சுற்றிலும் நுண்விரிசல்கள் விழும். தூளை மிக நுண்ணியதாக அரைத்தால் இது குறையும்.

நுரைக்கச் செய்பவை கரித்தூள், சுண்ணாம்புக்கல், சிலிக்கன் கார்பைடு போன்றவை. மெருகேற்றும் பட்டறைச் சேற்றில் சாணைக்கல்லிலிருந்து உதிர்ந்த சிலிக்கன் கார்பைடு ஏற்கெனவே கலந்திருப்பதுண்டு; அப்போது தனியாகச் சேர்க்கும் அளவு குறையும். தூள் இளகித் துளைகள் மூடிக்கொண்ட பிறகே வாயு பெருக வேண்டும். முந்தினால் வாயு தப்பிவிடும். வெப்பம் மிஞ்சினால் சிறு குமிழ்கள் கூடிப் பெருங்குழிகளாகும். தரம் பெரிதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள் என்பதால் பலகைகளை மணிக்கணக்கில் மெல்ல ஆற்ற வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். அதே வெடிப்பை வேண்டுமென்றே நிகழவிட்டால் நுரைக்கண்ணாடி ஜல்லி கிடைக்கும். ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் கட்டட அடித்தளத்துக்கும் சாலைக்கும் கீழே இதைப் பரப்புகிறார்கள். சற்றே கனமாக அமையும் கல்தூள் நுரைக்குப் பலகையைவிட ஜல்லி வடிவமே பொருத்தம்.