உலக்கை உள்ளே, அடுப்பு வெளியே

நாட்டு வருமானக் கணக்கில் பெண்களின் வீட்டு வேலை ஏன் இல்லை என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் மறதி. கணக்கை வகுத்தவர்கள் ஆண்கள், அவர்கள் கண்ணில் அடுப்பங்கரை படவில்லை என்பார்கள். எனக்கு இந்தப் பதில் ஒருபோதும் போதவில்லை. மறதி என்றால் நினைவூட்டியதும் தீர்ந்திருக்க வேண்டும். நினைவூட்டப்பட்டது. 1948இலேயே, அச்சில், அந்தக் கணக்கைப் போட அனுப்பப்பட்டவராலேயே நினைவூட்டப்பட்டது. அவர் ஒரு பெண். அவர் கணக்கிட்ட நாடு, அன்று நியாசாலாந்து என்றும் இன்று மலாவி என்றும் அழைக்கப்படும் ஒரு சின்ன நாடு.

மலாவி பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. தெற்கு வடக்காக நீண்ட ஓர் ஏரி அதன் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கடற்கரை இல்லை. ஆங்கிலேயர் 1891இல் அதைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வட ரொடீசியாவில் செம்பு இருந்தது, தெற்கே தென்னாப்பிரிக்காவில் தங்கம் இருந்தது. நியாசாலாந்தில் இருந்தது ஆட்கள். குடிசைக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். வரிக்குப் பணம் வேண்டும், பணத்துக்குக் கூலி வேலை வேண்டும், கூலி வேலை எல்லைக்கு அப்பால் இருந்தது. 1935இல் அரசு அமைத்த குழு ஒன்று, லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் நாட்டைவிட்டுப் போயிருப்பதாக மதிப்பிட்டது. மனைவிக்கொரு குடிசை இருந்தால் குடிசைக்கொரு வரி. வரி வாங்கும் கணக்கில் பெண் மிகச் சரியாகவே எண்ணப்பட்டாள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஒரு நாட்டின் வருமானத்தை எப்படி அளப்பது? அந்த வேலை ஃபிலிஸ் டீனுக்கு வந்தது. 1918இல் ஹாங்காங்கில் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர். 1941இல் லண்டனில் தேசியப் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டுதான் ஜேம்ஸ் மீடும் ரிச்சர்ட் ஸ்டோனும் போர்ச்செலவைத் திட்டமிடுவதற்காக பிரிட்டனின் வருமானத்தை ஒரு புது முறையில் கணக்கிட்டிருந்தார்கள். கடைக்காரரின் இரட்டைப் பதிவுப் பேரேடு போன்ற முறை அது. ஒரு நாடு சம்பாதித்தது, உற்பத்தி செய்தது, செலவழித்தது என்று மூன்று பட்டியல்கள் போட வேண்டும். மூன்றின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். லண்டனில் சரியாக வந்த இந்தப் பேரேடு காலனிகளிலும் வருமா என்று சோதிப்பதுதான் டீனின் பணி. வழிகாட்டிகள் ஸ்டோன், ஆர்தர் லூயிஸ், ஆஸ்டின் ராபின்சன். முதல் இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள்.

போர்க்காலத்தில் பயணம் செய்ய முடியாததால் முதலில் எல்லாவற்றையும் லண்டன் மேசையிலிருந்தே செய்தார். வட ரொடீசியா, நியாசாலாந்து, ஜமைக்கா ஆகிய மூன்று நாடுகளின் 1938ஆம் ஆண்டுக் கணக்கு. சுங்கப் பதிவுகள், வரிப் பதிவுகள், தோட்ட முதலாளிகளின் அறிக்கைகள். போர் முடிந்ததும் 1946–47இல் மத்திய ஆப்பிரிக்காவுக்கே போனார். மேசைக் கணக்கு 1948இலும், களத்தில் கண்டவற்றையும் சேர்த்த பெரிய நூல் 1953இலும் வெளிவந்தன.

அவர் முன்னால் இருந்த முதல் சிக்கல் 'யாருடைய வருமானம்?' என்பது. வட ரொடீசியாவின் செம்புச் சுரங்கங்களில் பெரும் லாபம் விளைந்தது. ஆனால் பங்குதாரர்கள் லண்டனிலும் ஜொகானஸ்பர்க்கிலும் இருந்தார்கள். கனிம உரிமைத்தொகை பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்குப் போனது. நாட்டின் எல்லைக்குள் விளைந்ததை எண்ணினால் வட ரொடீசியா பணக்கார நாடு. அங்கே வாழ்பவர்கள் கைக்கு வந்ததை எண்ணினால் கதை வேறு. இன்று உள்நாட்டு உற்பத்தி என்றும் மொத்த தேசிய வருமானம் என்றும் நாம் பிரிக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இதுதான். நியாசாலாந்தில் இடைவெளி எதிர்த்திசையில் இருந்தது. வெளியே போன ஆண்கள் கொஞ்சம் பணம் அனுப்பினார்கள், பலர் அனுப்பவில்லை. இன்றைய விதிப்படி, ஓராண்டுக்குள் திரும்பிவிடும் தொழிலாளியின் கூலி அவன் சொந்த நாட்டு வருமானம். அதற்கு மேல் தங்கினால் அவன் வேறு நாட்டுவாசி, அவன் அனுப்பும் பணம் வெறும் மாற்றுத்தொகை, தேசிய வருமானத்தில் சேராது. மலாவிக் கிராமத்தில் காத்திருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே பணம்தான்.

இரண்டாவது சிக்கல்தான் என்னை இந்தக் கதைக்கு இழுத்தது. கிராமத்தில் எதை எண்ணுவது?

மக்காச்சோளம் மாவாகி, ந்சிமா என்கிற கெட்டியான களியாகத் தட்டுக்கு வருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். பெண்கள் மண்வெட்டியால் நிலம் கொத்துகிறார்கள், விதைக்கிறார்கள், களை எடுக்கிறார்கள், அறுக்கிறார்கள். கதிரை உதிர்த்து, உரலில் இட்டுக் குத்தி உமியை நீக்குகிறார்கள். வெள்ளை மாவு வேண்டுமென்றால் குத்திய சோளத்தைச் சில நாள் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, மறுபடி குத்த வேண்டும். இடையே தண்ணீருக்கு ஒரு நடை, விறகுக்கு ஒரு நடை. பிறகு அடுப்பு மூட்டி, மரத்துடுப்பால் களி கிளறி, பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். இதில் எந்த இடத்தில் 'உற்பத்தி' முடிகிறது? லண்டன் பேரேட்டில் பதில் எளிது. விற்ற இடத்தில். இங்கே விற்பனையே இல்லை.

டீன் தனியாக இதை யோசிக்கவில்லை. வட ரொடீசியாவின் பெம்பா மக்களிடையே 1930களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸின் நூல் 1939இலேயே வந்திருந்தது. ஊரில் யார் என்ன வேலை செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று நாள்வாரியாகக் குறித்தவர் அவர். அவர் காட்டிய ஒன்று எனக்கு மறக்கவில்லை. குதிரில் தானியம் இருந்தும் சமையல் நடக்காத நாட்கள் உண்டு. நாளெல்லாம் வயலில் வேலை செய்த பெண்ணுக்கு, அதற்குமேல் அரைக்கவும் விறகு சுமக்கவும் உடம்பில் தெம்பில்லாத நாட்கள் அவை. அதாவது தானியம் மட்டும் உணவாகிவிடாது. அதை எண்ணி, சமையலை எண்ணாவிட்டால் பசியையே விளக்க முடியாது.

டீன் எடுத்த நிலைப்பாடு தெளிவானது. வயலில் விளைந்ததை எண்ணிவிட்டு, விறகு சேகரிப்பதையும் உணவு தயாரித்துச் சமைப்பதையும் விடுவதில் தர்க்கம் இல்லை. இவற்றை விட்டால் கிராமப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி உழைப்பு கணக்கிலிருந்தே விழுந்துவிடும். கூட்டுத்தொகை மட்டும் போதாது, அது யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிகிறது என்பதும் கொள்கை வகுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். 'குடும்பம்' என்ற கட்டத்தை நிரப்புவதும் அங்கே எளிதல்ல. ஒருத்தி சமைத்ததைப் பல வீட்டு ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் ஊர்களில் எதைக் குடும்பம் என்று எழுதுவது?

டீனை நான் தேவதையாக்க விரும்பவில்லை. அவர் பேரரசின் நிர்வாகத் தேவைக்காக வேலை செய்தவர். ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் என்று இனவாரியாகப் பிரிந்த ஆட்சியின் பதிவேடுகளைக் கொண்டுதான் அவரும் கணக்குப் போட்டார். கிராமப் பெண்களின் பேச்சு அவர் நூல்களில் அட்டவணையாக வருகிறது, குரலாக வரவில்லை. ஆனாலும் அட்டவணை போடுகிறவர் பார்வையிலிருந்தே விடுபட்டதைச் சொன்னார் என்பது சின்ன விஷயமில்லை.

அவர் திரும்பிவந்த இரண்டாண்டுக்குள், 1949இல், நியாசாலாந்தின் தெற்கே மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. வரலாற்றாளர் மெகன் வாகன் அந்தப் பஞ்சத்தைப் பற்றி 1987இல் எழுதிய நூல் என் மேசையைவிட்டு அகல்வதில்லை. அரசுக் கோப்புகளுடன் சேர்த்து, பெண்கள் உரலில் குத்தும்போது பாடிய பாடல்களையும் அவர் ஆதாரமாகக் கொண்டார். நம்முடைய வள்ளைப்பாட்டு போன்றவை அவை. ஆண்களின் நினைவில் பஞ்சம் என்றால் மழை, நிலம், அரசு. பெண்களின் பாடல்களில் பஞ்சம் என்றால் விட்டுவிட்டுப் போன கணவன். அது தாய்வழி உறவுமுறை உள்ள பகுதி. நிலம் பெண்வழியில் வரும், கணவன் மனைவியின் ஊருக்கு வந்து வாழ்வான். பஞ்சம் வந்தபோது பல ஆண்கள் தங்கள் தாய்வீட்டுக்கோ தொலைதூர வேலைக்கோ போய்விட்டார்கள். கூலி வேலையில் இருந்தவர்களுக்கு முதலாளிகள் வழியாக உணவு கிடைத்தது. கணவன் போய், பணமும் வராத பெண்தான் பிள்ளைகளோடும் முதியவர்களோடும் மிக அதிகமாக வாடினாள். நாட்டின் தலா வருமானம் எவ்வளவு என்ற எந்த எண்ணிலும் இது தெரிந்திருக்காது. யாருக்கு எவ்வளவு என்று டீன் கேட்டது இதைத்தான்.

இனி கோடு போடப்பட்ட கதை. 1953இல், ஸ்டோன் தலைமையிலான நிபுணர் குழு எழுதிய தேசியக் கணக்கு முறையை ஐ.நா. வெளியிட்டது. டீனின் பெரிய நூல் வந்த அதே ஆண்டு. விவசாயி தன் வீட்டுக்காக விளைவித்தது கணக்கில் சேரும். வீட்டுப் பெண்ணின் சேவைகள் சேராது. சந்தைக்கு வராததற்கு விலை போட முடியாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதே முறையில், சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுத்துக்கொள்வதாகக் கற்பனை செய்து அந்த வாடகையைத் தேசிய வருமானத்தில் சேர்த்தார்கள். சொத்துள்ளவரின் கூரைக்கு இல்லாத வாடகையைக் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு, கூரைக்குக் கீழே நடக்கும் சமையலுக்கு விலை கண்டுபிடிக்க முடியாமல் போனது. சமையல்காரியை மணந்துகொள்பவர் தேசிய வருமானத்தைக் குறைக்கிறார் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகு 1920இல் சுட்டிக்காட்டியது பொருளியல் படித்த எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அது நகைச்சுவையாகத்தான் சொல்லப்படுகிறது. சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

கோடு எங்கே இருக்கிறது என்பது ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் பாதிப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போதுதான் அதன் வேலை முழுதாகத் தெரியும். மலாவிக் கிராமத்தில் 'சிகாயோ' எனப்படும் மாவு மில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணின் உலக்கை வேலை குறைகிறது, நல்லதுதான். ஆனால் உலக்கையை எண்ணாத கணக்கில், மில்லுக்குக் கொடுத்த காசு முழுவதும் புது வருமானம். ஊர் சாப்பிட்ட மாவு அதேதான், நாடு வளர்ந்துவிட்டது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். காசில்லாத ஆண்டில் பெண்கள் மறுபடி உலக்கையை எடுத்தால், அவர்கள் உழைப்பு கூடும், நாட்டு வருமானம் குறையும்.

1964இல் விடுதலை பெற்ற மலாவியின் வருமானத் தொடரை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சியில் புகையிலைத் தோட்டங்கள் பெருகின. 1970களின் வளர்ச்சி வெளிநாட்டு நிபுணர்களால் மெச்சப்பட்டது. பர்லி வகைப் புகையிலையை 1990 வரை சிறு விவசாயிகள் பயிரிடவே முடியாது. தோட்டங்களுக்கு மட்டுமே அந்த உரிமை. தோட்டத்தில் குத்தகைக் குடும்பங்கள் வேலை செய்தன. நாற்று விடுவதிலிருந்து இலை கோப்பதுவரை மனைவியும் பிள்ளைகளும் உழைத்தார்கள். ஒப்பந்தமும் பணமும் ஆண் பெயரில். 1974 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த விமானம் பிரான்சிஸ்டவுனில் விழுந்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தபின், பண்டா ஆள் அனுப்புவதை நிறுத்தினார். திரும்பிவந்த ஆண்களையும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருந்த பெண்களின் வேலை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

உலக வங்கி தரும் தலா தேசிய வருமானம் டாலரில் இருக்கிறது. மூன்றாண்டு நாணய மாற்று விகிதத்தைச் சராசரியாக்கி அதைக் கணக்கிடுகிறார்கள். 2012 மே மாதம், பதவியேற்று ஒரு மாதமே ஆன ஜாய்ஸ் பண்டா, அந்நாட்டின் முதல் பெண் அதிபர், குவாச்சாவின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். டாலர் கணக்கில் மலாவி மேலும் ஏழையானது. எந்த வயலிலும் ஒரு கதிர்கூடக் குறையவில்லை.

மெரிலின் வேரிங் என்ற நியூசிலாந்துப் பெண், நாடாளுமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்து வெளியே வந்தபின், 1988இல் ஐ.நா. கணக்கு முறையை வரிவரியாகப் பிரித்துக்காட்டி ஒரு நூல் எழுதினார். 1993இல் முறை திருத்தப்பட்டது. மொத்த தேசிய உற்பத்தி என்ற பெயர் மொத்த தேசிய வருமானம் என்று மாறியதும் அப்போதுதான். கோடும் கொஞ்சம் நகர்ந்தது. தண்ணீர் சுமப்பது, விறகு சேகரிப்பது, தானியம் குத்துவது எல்லாம் உள்ளே வந்தன. சமைப்பது, துப்புரவு செய்வது, பிள்ளை வளர்ப்பது, நோயாளியைப் பார்ப்பது வெளியே நின்றன. குத்திய மாவு பொருள், கிளறிய களி சேவை. ஆக, உலக்கை உள்ளே, அடுப்பு வெளியே. இதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுச் சேவைகளையும் உற்பத்தி என்று ஏற்றுக்கொண்டால் வயது வந்த ஏறக்குறைய எல்லோருமே உழைப்பவர்கள் ஆகிவிடுவார்களாம், வேலையின்மை என்பதே இல்லாமல் போய்விடுமாம். பெண்கள் எல்லோரும் வேலை செய்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டால் அட்டவணை கெட்டுவிடும் என்கிறார்கள்.

டீன் பிறகு காலனிக் கணக்குகளைவிட்டு கேம்பிரிட்ஜில் பிரிட்டனின் பொருளாதார வரலாற்றுக்குப் போய்விட்டார். 1962இல் டபிள்யூ. ஏ. கோலுடன் சேர்ந்து 1688 முதலான பிரிட்டனின் வளர்ச்சியை அளந்தார். அதற்குப் பிறகு வந்த வளர்ச்சி வரலாறுகளெல்லாம் அந்த நூலோடுதான் வாதாடுகின்றன. ஆங்கிலேயப் பெண்களின் அடுப்பு அதிலும் இல்லை. 2012இல் காலமானார்.

2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் கணக்கு முறையை மறுபடி திருத்தி ஏற்றுக்கொண்டது. ஊதியமற்ற வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் தனியாகத் துணைக் கணக்கு போடும்படி நாடுகளை ஊக்குவிக்கிறது. மையக் கணக்கில், தேசிய வருமானம் என்று நாளிதழில் வரும் அந்த எண்ணில், கோடு 1993இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.