பின்னி மில் போராட்டம் தோற்றதா?

"ஸ்டிரைக் பண்ணி இந்தக் காலத்துல யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்பவர்களிடம் நான் பெரம்பூர் கதையைத்தான் சொல்வேன். நாங்கள் ஓட்டேரிக்காரர்கள். என் தாத்தா பெரம்பூரில் பின்னி கம்பெனியின் கர்நாடிக் மில்லில் தறி ஓட்டியவர்.

அங்கே மதியச் சோற்றுக்கு அரை மணி நேரம்தான். கை கழுவ முண்டியடித்து, தூக்குச்சட்டியைத் திறந்து நாலு கவளம் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். இந்தக் குறையைத்தான் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் உடன் நின்றார்.

1920இல் நிர்வாகம் கதவடைத்தது. அதோடு விடவில்லை, வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தடையாணையும் வாங்கியது. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அடுத்த மாதம் சமரசம். வாடியா தொழிற்சங்க வேலையை விட்டே விலக நேர்ந்தது. அன்று பார்த்தவர்கள் தோல்வி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்த வழக்கு நாடெங்கும் தொழிற்சங்கக்காரர்களை உலுக்கியது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு மத்தியச் சட்டசபையில் விடாமல் பேசினார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: தொழில் தகராறில் ஒருவரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்றது. வாடியாவை மடக்கிய ஆயுதத்தையே முறித்துப் போட்ட பிரிவு அது.

1921 வேலைநிறுத்தத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தின் நடுவே ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் மறுபடி துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் போராட்டம் ஓய்ந்தது. திரும்பிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சேரியில் இருந்தவர்களைச் சரிசமமாக நடத்தாதவர்கள், பட்டினியில் மட்டும் பங்கு கேட்டது நியாயமா?

இந்தக் காலத்துக்கே வருவோம். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலையை நிறுத்தினார்கள். முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. பலிக்காமல் போய்விடவில்லை.

என் கவலை வேறு. இன்று ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். வேலை ஒன்று, கூலி வேறு. நிரந்தரக்காரர்கள் வெளியே வந்தால் லைனை ஓட்டுவது மற்றவர்கள்தான். கேட்டில் பந்தல் போடும் முன்பே அவர்களைச் சங்கத்தில் சேர்த்திருக்க வேண்டும், அவர்களுடைய கூலியையும் கோரிக்கையில் எழுதியிருக்க வேண்டும். 1921இல் பெரம்பூர் செய்யத் தவறியது இதைத்தான்.