களனிப் பாலமும் லொறிகளின் நேரமும்

கொழும்பு நகருக்குள் லொறிகள் நுழைவதற்கான நேரக் கட்டுப்பாடு பற்றிய அறிவித்தல், சில ஆண்டுகளுக்கு ஒரு தடவையேனும் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து சேர்வதுண்டு. காலையில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, மாலையில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, கனரக வாகனங்கள் இன்னின்ன வீதிகளில் செல்லக்கூடாது என்பார்கள். அத்தகைய செய்திகள் பலவற்றை நான் செவ்வை பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அவற்றில் கூறப்படும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: போக்குவரத்து நெரிசல். அலுவலகம் செல்வோரின் வசதி கருதி என்று ஒரு வரியும், பாடசாலைப் பிள்ளைகளைக் கருத்திற்கொண்டு என்று இன்னொரு வரியும் இருக்கும். என் கைக்கு வந்த எதிலும் துவிச்சக்கரவண்டி என்ற சொல் இருந்ததாக நினைவில்லை.

இது ஏன் என்று யோசித்தபோது பேலியகொடையின் கதை மனதில் ஓடியது. கொழும்பின் வடக்கு வாசல் அது. கண்டி வீதியும், நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் செல்லும் வீதியும் பிரிகின்ற இடம். யாழ்ப்பாணத்து வெங்காயமும் தம்புள்ளைப் பூசணியும் நுவரெலியாக் கோவாவும் களனி கங்கையைத் தாண்டி நகருக்குள் வந்தது இவ்வழியால்தான். கங்கையின் தென்கரையில் கிராண்ட்பாஸ். வீரகேசரி நெடுங்காலமாக இயங்கிய வீதி என்பதால் தமிழ் வாசகர்களுக்கு அப்பெயர் புதிதன்று.

1822ஆம் ஆண்டு இந்த இடத்தில் படகுப் பாலமொன்று அமைக்கப்பட்டது. படகுகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை பரப்பிய பாலம். கங்கையில் பாதைப் படகுகள் போக வேண்டுமானால் நடுவிலுள்ள சில படகுகளை விலக்கி வழிவிட வேண்டும். அவை போய் முடியும்வரை இரு கரைகளிலும் மாட்டு வண்டிகள் காத்து நிற்கும். கோப்பித் தோட்டங்களுக்கு அரிசி கொண்டுபோன வண்டிகளும், கோப்பியை இறக்கிக்கொண்டு வந்த வண்டிகளும் அப்படித்தான் காத்திருந்தன. பேலியகொடையில் பாரமேற்றிய வண்டி மற்றவருக்காகக் காத்து நின்ற காலம் அது. 1895இல் விக்டோரியா பாலம் என்ற இரும்புப் பாலம் வந்ததும் அந்தக் காத்திருப்பு முடிந்தது. பின்னர் 1959இல் புதிய களனிப் பாலம் வந்தது. 2021 நவம்பரில் ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்ட, கேபிள்கள் தாங்கும் பாலம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பாலமும் முன்னையதைவிட அதிக வண்டிகளை, அதிக வேகத்தில் கடத்திவிட்டது.

பாரவண்டிகளை ஒழுங்குபடுத்தும் முயற்சி கொழும்புக்குப் புதிதன்று. 1906இல் நடந்த வண்டிக்காரர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. வண்டியோட்டி வண்டியில் ஏறி உட்காராமல் மாட்டின் பக்கத்தில் நடந்தே செல்லவேண்டும் என்ற மாநகர விதியைத் திடீரெனக் கடுமையாக அமுல்படுத்த முற்பட்டபோது, ஆயிரக்கணக்கான வண்டிக்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நகரின் சரக்குப் போக்குவரத்து முடங்கிற்று. வீதிப் பாதுகாப்பு என்ற நோக்கில் விதியில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதன் சுமை முழுவதும் சரக்கின் சொந்தக்காரர்மீது அன்றி, நாளெல்லாம் வெயிலில் நடக்கவேண்டிய கூலிக்காரர்மீது விழுந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். லொறிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போதும் இதே கேள்விதான் வரும்.

மாட்டு வண்டி போய் லொறி வந்தது. அதே காலத்தில் சைக்கிளும் தொழிலாளியின் வாகனமாயிற்று. பின்னால் மரப்பெட்டி கட்டிய மீன் வியாபாரி, பாண் விற்பவர், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பவர், எங்கள் பத்திரிகைகளை வீடு வீடாகப் போட்டவர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய நாட்டாமி என்று கொழும்பின் விடியற்காலை சைக்கிளில்தான் தொடங்கியது. இரவுப் பணி முடிந்து அலுவலக வாகனத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பிய நாட்களில், அந்த நேரத்து வீதியில் நான் கண்டவை இரண்டுதான்: விளக்கில்லாத சைக்கிள்கள், சுமையேற்றிய லொறிகள்.

போர் இந்த இரண்டின் பொருளையும் மாற்றியது. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின் எரிபொருள் தடை வந்தபோது குடாநாடே சைக்கிளில் ஏறிற்று. விரிவுரையாளரும் சைக்கிள், நோயாளியைக் கொண்டுபோவதும் சைக்கிள். கொழும்பிலோ லொறி சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. 1996 ஜனவரி 31ஆம் திகதி வெடிமருந்து நிரப்பிய லொறி மத்திய வங்கியில் மோதி வெடித்ததில் ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தருகே மீண்டும் அவ்வாறே நடந்தது. அதன்பின் லொறிகள் சோதனைச் சாவடிகளில் மணிக்கணக்கில் நின்றன. கோட்டைப் பகுதியில் அவை நுழைவதே அரிதாயிற்று. அரசு நினைத்தால் லொறியை நிறுத்த முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அது யாருக்காக நிறுத்தப்பட்டது என்பது வேறு விடயம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து குடியேறிய எம்மவர் பலர் ஊரில் பத்து மைல் சைக்கிளோடிப் படித்தவர்கள். காலி வீதியில் சைக்கிளோட அவர்களில் எத்தனை பேர் துணிந்தார்கள்? நான் அறிந்தவரையில் மிகச் சிலரே. கேட்டால், பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் யார் போவது என்பார்கள்.

இனிப் பேலியகொடைக்கு வருவோம். புறக்கோட்டையின் நெரிசலைக் குறைப்பதற்காக, சென் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. 2020 நவம்பரில் மெனிங் சந்தையும் அங்கு போயிற்று. இடையில் 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை பேலியகொடையிலிருந்து திறந்துவிடப்பட்டது. அதில் சைக்கிளுக்கு மாத்திரமன்றி மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் அனுமதியில்லை. ஆக, நகர மத்தியிலிருந்து மீன் லொறியும் மரக்கறி லொறியும் வெளியேற்றப்பட்டன. புறக்கோட்டைக்கு அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் மொத்தச் சந்தை எங்கு போனாலும் அதை நம்பிப் பிழைப்பவனும் பின்னால் போகவேண்டும். கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் இருந்து முன்பு நடந்தே வேலைக்குப் போன சுமை தூக்குபவர் இப்போது பாலத்தைத் தாண்ட வேண்டும். அவர் புறப்படுவது அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு.

நமது நேரக் கட்டுப்பாடுகளின் கோளாறு இங்கேதான் தெரிகிறது. "நெரிசல் நேரம்" என்று நாம் சொல்வது அலுவலகத்தின் நேரம். காலை ஏழு மணிக்கு லொறியைத் தடுத்தால் அது ஐந்து மணிக்கு முன் நகரைத் தாண்டிவிட விரைகிறது. அதாவது, இரவெல்லாம் விழித்த சாரதி, காலியான வீதி, தடை தொடங்குமுன் போய்விட வேண்டும் என்ற அவசரம் எல்லாம் ஒன்றுசேரும் வேளை, சைக்கிள்காரரின் வேலை நேரமாகவும் இருக்கிறது. மோட்டார்காரின் வசதிக்காக வகுத்த கட்டுப்பாடு சைக்கிள்காரரிடம் லொறியை அனுப்பிவைக்கிறது.

இந்தச் சிக்கல் மிகப் பழையது. கி.மு. 45 அளவில் யூலியஸ் சீசரின் பெயரால் வழங்கும் சட்டம், ரோம் நகர வீதிகளில் சூரிய உதயம் முதல் பிற்பகல் வரை சரக்கு வண்டிகளைத் தடை செய்தது. பகல் அமைதியாயிற்று; வண்டிகள் இரவுக்குப் போயின. அந்த வண்டிச் சத்தத்தால் தூக்கமில்லை என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் யுவெனல் என்ற கவிஞர் நொந்துகொண்டார். அங்காடிப் பொருள் வந்தேயாக வேண்டும். ஒரு நேரத்தில் தடுத்தால் இன்னொரு நேரத்தில் வரும்.

எனினும் கட்டுப்பாடே வீண் என்பது என் கருத்தன்று. டப்ளின் நகரைப் பாருங்கள். கொழும்பைப்போல அதுவும் துறைமுகத்தை நடுவில் வைத்துக்கொண்டு திண்டாடிய நகரம். 2006 டிசம்பரில் துறைமுகத்திலிருந்து நகருக்கு வெளியே செல்லும் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2007 பெப்ரவரியில், ஐந்தும் அதற்கு மேலும் அச்சுகளுள்ள லொறிகள் காலை 7 முதல் மாலை 7 வரை அனுமதிப்பத்திரமின்றி நகர மத்தியில் நுழையத் தடை வந்தது. முதலில் மாற்று வழி, பின்னர் தடை என்ற ஒழுங்கு கவனிக்கத்தக்கது. நமது துறைமுகக் கொள்கலன்கள் இங்குறுகடைச் சந்தி, ஒருகொடவத்தை, பேலியகொடை என்று குடியிருப்புகளின் நடுவாகவே நெடுங்காலம் போய்வந்தன. துறைமுகத்தையும் புதிய பாலத்தையும் இணைக்கும் உயர்மட்ட வீதிக்கான வேலைகள் தொடங்கியபோதும் பேசப்பட்டது துறைமுகத்தின் வருமானமும் மோட்டார்காரின் நேரமுமே.

லண்டனில் வாழும் வாசகர்கள் 2013 நவம்பரை மறந்திருக்கமாட்டார்கள். இரண்டு வாரங்களுக்குள் ஆறு சைக்கிளோட்டிகள் அந்நகர வீதிகளில் இறந்தார்கள். 1992 ஒலிம்பிக்கில் சைக்கிளோட்டத்தில் தங்கம் வென்ற கிறிஸ் போர்ட்மன், நெரிசல் நேரங்களில் லொறிகளைத் தடுக்குமாறு கோரினார். முழுத் தடை வரவில்லை. கட்டட வேலைக்குக் காலையில் வரவேண்டிய சரக்கு வேறு எப்போது வரும் என்ற வாதம் வலுவாக இருந்தது. பதிலாக, 2015 செப்டெம்பர் முதல் பக்கத் தடுப்பும் கூடுதல் கண்ணாடிகளும் இல்லாத லொறிகள் நுழைய முடியாதென்றார்கள். 2021 மார்ச் முதல் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளில் சாரதி நேரடியாக எவ்வளவு காண்கிறார் என்பதை அளந்து அனுமதி வழங்குகிறார்கள். 2024 ஒக்டோபரில் அதையும் இறுக்கினார்கள். 2015 முதல் 2017 வரை லண்டனில் சைக்கிளோட்டிகள் இறந்த விபத்துகளில் 63 சதவீதத்தில் கனரக லொறி சம்பந்தப்பட்டிருந்தது. வீதியில் ஓடிய தூரத்தில் லொறிகளின் பங்கோ 4 சதவீதமே.

அங்கும் இங்கும் வாகனம் இடப்பக்கமாகவே ஓடுவதால் ஆபத்தின் விதமும் ஒன்றுதான். சந்தியில் லொறி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலச் சுற்றும். பின்சக்கரம் குறுக்கே வெட்டி ஓரத்துக்கு வரும். அந்த ஓரத்தில் நிற்பவர் சைக்கிள்காரர். உயர்ந்த ஆசனத்தில் இருக்கும் சாரதிக்கு அவர் தெரிவதில்லை. சக்கரங்களுக்கிடையே பக்கத் தடுப்பு இல்லாத லொறியானால், விழுந்தவர் அடியிலே போய்விடுவார். அத்தகைய லொறிகளைப் பேலியகொடைச் சந்தியில் எந்தக் காலையிலும் காணலாம். இரண்டு இரும்புக் குழாய்களைப் பொருத்துவதற்குப் பெரும் செலவில்லை. சந்தை வாசலிலேயே பரிசோதிக்கலாம். லொறிகள் வந்தேயாக வேண்டிய இடம் அது.

2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது கொழும்பில் சைக்கிள் விலை பன்மடங்கானது. அலுவலகக்காரரும் சைக்கிளில் வந்தார்கள்; படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று ஆசிரியத் தலையங்கங்கள் எழுதப்பட்டன. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்து, எரிபொருளும் சீராகக் கிடைக்கத் தொடங்கியபின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. மீன்பெட்டிச் சைக்கிள் அதற்கு முன்பும் வீதியில் இருந்தது, பின்பும் இருந்தது.

சைக்கிளில் போகிறவருக்காகவே லொறியை நிறுத்து என்ற குரல் இலங்கையில் தெளிவாகக் கேட்பது வடக்கில்தான். மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்கள் பாடசாலைப் பிள்ளைகளை மோதிய பின்னர், கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் டிப்பர்கள் ஓடக்கூடாது என்று கோரிக்கைகள் எழுந்தன. மாவட்டக் கூட்டங்களில் தீர்மானங்களும் எடுக்கப்பட்டன. அவை எந்தளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதில் அங்குள்ள பெற்றோருக்கு நிறையக் குறைகள் உண்டு. ஆயினும் அங்கே நேரத்தைக் குறித்தது பிள்ளை சைக்கிளில் ஏறும் வேளை. பேலியகொடையில் அதிகாலை மூன்று மணிக்குச் சைக்கிளில் ஏறுபவருக்குப் பெற்றோர் சங்கம் இல்லை. பாலத்தின் ஓரத்தில் அவருக்கென ஒரு பாதையும், சந்தையை அடுத்த வீதிகளில் அந்த வேளைக்கு லொறிகளுக்கு ஒரு வேக எல்லையும் கேட்பதற்கு, மாநகர சபையிலோ பேலியகொடை நகர சபையிலோ யாராவது ஒருவர் எழுந்தால், அந்தச் செய்தியை முதற் பக்கத்தில் போடும்படி இன்று பணியிலிருக்கும் நண்பர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.