கணினியின் விரைவும் அதன் தடைகளும்

உலகின் மிக விரைவான கணினி எது என்னும் வினாவிற்கு ஆண்டுதோறும் இருமுறை விடை கிடைக்கின்றது. ஹான்ஸ் மாயர், எரிக் ஸ்ட்ரோமையர், ஜாக் டொங்காரா ஆகிய அறிஞர்கள் 1993இல் தொடங்கிய 500 கணினிகளின் தரவரிசை, ஜூன் திங்களிலும் நவம்பர் திங்களிலும் வெளிவருகின்றது. முதலிடம் பெற்ற பொறியின் பெயரையும், அது விநாடிக்குப் போடும் கணக்கின் எண்ணிக்கையையும், அதனுள் அடங்கிய செயலிகளின் தொகையையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் ஆர்வலர் பல நாடுகளில் உளர். பழைய பொறிகளைக் காண்பதற்கென்றே அருங்காட்சியகங்களுக்குச் செல்வோரும், அவற்றின் சிறு உருவங்களைத் தம் கையாலேயே செய்து மகிழ்வோரும் அவருள் உண்டு.

இவ்வார்வம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும், வலிமையைக் கூட்டக் கூட்ட விரைவு தானே வந்துவிடும் என்றதோர் எண்ணமும் அதனோடு சேர்ந்து வளர்கின்றது. வரலாறு காட்டுவது வேறு. விரைவான கணினிகளைப் படைத்தோர் வலிமையைத் தேடியதைக் காட்டிலும் தடையைத் தேடியதே மிகுதி. தாமதம் எங்கே பிறக்கின்றது என்று கண்டு, அதனைக் களைந்தவரே ஒவ்வொரு காலத்திலும் முந்தி நின்றனர்.

சிற்றூரில் ஓர் ஆய்வுக்கூடம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1925இல் அங்கே பிறந்தவர் சீமூர் கிரே. இரண்டாம் உலகப் போரில் வானொலிப் பிரிவில் பணியாற்றிய அவர், பின்னர்ப் பொறியியல் கற்றுக் கணினித் துறையில் புகுந்தார். கன்ட்ரோல் டேட்டா என்னும் நிறுவனத்தில் அவர் சேர்ந்து சில ஆண்டுகளில், தலைமையகத்தின் சந்தடியிலிருந்து விலகி, தம் ஊரிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். அங்கு உருவாகி 1964இல் வெளிவந்த சி.டி.சி. 6600 என்னும் பொறி, விநாடிக்கு ஏறக்குறைய 30 இலட்சம் கணக்குகளைப் போட்டது. அதற்குமுன் முதலிடத்தில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்ட்ரெச் கணினியைவிட அஃது ஏறத்தாழ மும்மடங்கு விரைவுடையது.

அப்பொறி பற்றிய அறிவிப்பு 1963 ஆகஸ்டில் வெளிவந்தபோது, ஐ.பி.எம். தலைவர் இளைய தாமஸ் வாட்சன் தம் அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு விடுத்தார். துப்புரவுப் பணியாளர் உட்பட 34 பேரே கொண்ட ஆய்வுக்கூடம் இதனைச் சாதித்திருக்க, பெரும்படை போன்ற ஊழியர் கூட்டத்தையுடைய தம் நிறுவனம் முதலிடத்தை இழந்தது எவ்வாறு என்பதே அவர் கேள்வி. அக்கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கின்றது என்று கிரே கூறியதாகச் சொல்வர். ஆள் மிகுந்தால் பேச்சு மிகும். பேச்சு மிகுந்தால் முடிவு தாமதமாகும். கிரே களைந்த முதல் தடை பொறிக்குள் இருந்ததன்று, மனிதரிடையே இருந்தது.

நீளமும் வெப்பமும்

பொறிக்குள் இருந்த தடைகளில் முதன்மையானது கம்பியின் நீளம். ஒளியே ஆயினும் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த தொலைவுதான் செல்லும். கணினித் துறையில் பெரும்புகழ் பெற்ற கிரேஸ் ஹாப்பர் அம்மையார், தம் சொற்பொழிவுகளில் அந்நீளமுள்ள கம்பித் துண்டுகளை அவையோர்க்கு வழங்கி, இதுவே அந்நேரத்தின் அளவு என்று விளக்குவது வழக்கம். கண்ணுக்குப் புலனாகாத காலத்தைக் கையில் பிடித்துப் பார்க்கச் செய்த நல்லாசிரியை அவர்.

1972இல் சொந்த நிறுவனம் தொடங்கிய கிரே, 1976இல் வெளியிட்ட கிரே-1 கணினியில் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டார். அப்பொறியின் துடிப்பு ஒவ்வொன்றிற்கும் உரிய நேரம், விநாடியின் 8 கோடியில் ஒரு பங்கு. மின் குறிப்பு நெடுந்தொலைவு சென்று திரும்பினால் அந்நேரம் வழியிலேயே கழிந்துவிடும். ஆதலின் எந்தக் கம்பியும் நான்கடிக்கு மேற்படாதவாறு, பொறியை வளைந்த தூண்போல் அமைத்தார். வளைவின் உட்புறத்தில் கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. அவற்றை உரிய நீளத்திற்கு வெட்டிக் கையாலேயே இணைத்தவர்கள் தொழிற்கூடத்துப் பெண்கள். விநாடிக்கு 16 கோடி கணக்குவரை போடவல்ல பொறியின் விரைவு, அப்பெண்களின் பொறுமையான விரல்களில் பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

நெருக்கத்தால் நீளம் குறைந்தது. ஆனால் வெப்பம் கூடிற்று. 115 கிலோவாட் மின்சாரத்தை உண்ட அப்பொறி, தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமலிருக்க வழி வேண்டியிருந்தது. சுற்றுப் பலகைகளுக்கிடையே செப்புத் தகடுகளை வைத்து, வெப்பத்தை ஓரத்திற்குக் கடத்தி, ஃப்ரியான் என்னும் குளிர்பொருள் ஓடும் குழாய்களால் அதனை வெளியேற்றினர். மின்வழங்கும் கருவிகள் தூணின் அடியைச் சுற்றி வைக்கப்பட்டு, மேலே மெத்தையிட்டு மூடப்பட்டன. ஆகவே உலகின் விரைவான கணினி, அமர்ந்திளைப்பாறும் வட்டத் திண்ணைபோல் காட்சியளித்தது. ஆர்வலர் இன்றும் போற்றும் அவ்வழகு ஒப்பனைக்காக வந்ததன்று. நீளத்தையும் வெப்பத்தையும் வெல்ல முனைந்ததன் விளைவே அது.

பிழை என்னும் தடை

மூன்றாவது தடையைக் கிரே முதலில் பொருட்படுத்தவில்லை. நினைவகத்தில் நேரும் பிழையைக் கண்டறியும் ஏற்பாடு 6600இன் நினைவகத்தில் இல்லை. கிரே-1இன் முதற்பொறி பிழையைக் காட்டவல்லது, திருத்தவல்லதன்று. 1976இல் அது லாஸ் அலமோஸ் ஆய்வகத்திற்கு ஆறு திங்கள் சோதனைக்காக அனுப்பப்பட்டது. அக்காலத்தில் அதன் நினைவகத்தில் 152 பிழைகள் பதிவாயின. விண்வெளிக் கதிர்களால் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரான்களே காரணம் என்று பிற்கால ஆய்வாளர் விளக்கினர். மலைமேலுள்ள அவ்வூரில் அத்தாக்கம் மிகுதி.

கணக்கை விரைந்து முடித்து விடையைத் தவறாக எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது. அடுத்து விற்கப்பட்ட பொறிகளில் 64 இலக்கங்கள் கொண்ட ஒவ்வொரு நினைவுச் சொல்லுக்கும் 8 காவல் இலக்கங்கள் சேர்க்கப்பட்டன. ஓர் இலக்கம் பிறழ்ந்தால் பொறியே திருத்திக்கொள்ளும். அத்தகைய பொறியை 1977இல் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம் பெற்றது.

எருதும் கோழிகளும்

1980களில் புதியதொரு கட்சி தோன்றிற்று. ஒரு சில வல்ல செயலிகளுக்கு மாறாக ஆயிரக்கணக்கான எளிய செயலிகளைச் சேர்த்தால் என்ன என்று அக்கட்சியினர் கேட்டனர். வயலை உழுவதற்கு வலிய எருதுகள் இரண்டு வேண்டுமா, 1024 கோழிகள் வேண்டுமா என்று கிரே அவர்களை எள்ளி நகையாடியதாகக் கூறுவர். 1985இல் வந்த அவருடைய கிரே-2, குளிர்திரவத்தில் முழுவதும் மூழ்கி இயங்கியது. விநாடிக்கு 190 கோடி கணக்கு அதன் உச்சம். ஆனால் அடுத்த பொறியான கிரே-3க்கு வாங்குவோர் கிடைக்கவில்லை. 1995இல் அவருடைய நிறுவனம் நொடித்துப்போயிற்று. 1996 அக்டோபரில், கார் விபத்தில் உற்ற காயத்தால் கிரே காலமானார். தம் இறுதி நாள்களில் அவர் தொடங்கியிருந்த முயற்சியும் பல செயலிகள் கொண்ட பொறியைப் பற்றியதே.

அவர் மறைந்த இரு திங்களுக்குள், சாண்டியா ஆய்வகத்திற்காக இன்டெல் நிறுவனம் அமைத்த ஆஸ்கி ரெட் என்னும் கணினி, விநாடிக்கு இலட்சம் கோடி கணக்கு என்னும் எல்லையைக் கடந்தது. முழுமை பெற்றபோது அதில் 9,000க்கு மேற்பட்ட செயலிகள் இருந்தன. மேசைக் கணினிகளில் பயன்பட்ட வகையே அவை. கோழிகள் உழுதுவிட்டன.

ஆனால் பழைய தடை மறைந்துவிடவில்லை. இடம் மாறி நின்றது. 2022இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிரான்டியர் கணினி, ஆஸ்கி ரெட்டைப்போல் ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு விரைவைக் காட்டி முதலிடம் பெற்றது. அதன் பெட்டிகளை இணைக்கும் கம்பி வடங்களின் மொத்த நீளம் 90 மைலுக்கு மேல். ஆயிரமாயிரம் செயலிகளுள் ஒன்று மற்றொன்றின் விடைக்காகக் காத்திருந்தால், அத்தனை வலிமையும் வீணே. வேலையைப் பகுத்து, செயலிகள் ஒன்றோடொன்று பேசும் தேவையைக் குறைப்பதே இன்றைய அறிஞரின் பாடு. நான்கடிக் கம்பியில் கிரே கண்ட பிரச்சினையும், 34 பேர் கொண்ட ஆய்வுக்கூடத்தில் அவர் கண்ட தீர்வும் இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றன.

முதலிடத்தின் ஆயுள்

முதலிடம் நிலைப்பதில்லை. 2002இல் முதலிடம் பெற்ற ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் 2004 நவம்பரில் அதனை இழந்தது. 2008இல் வெற்றிவாகை சூடிய ரோட்ரன்னர் 2013 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2024 நவம்பரில் எல் கேப்பிட்டன் என்னும் கணினி ஃபிரான்டியரை முந்திற்று. கிரே-1இன் விரைவைச் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி எளிதில் தோற்கடிக்கும்.

நிலைப்பது பொறி செய்த பணி. லாஸ் அலமோஸில் கிரே-1 வந்தது அணுகுண்டு ஆராய்ச்சிக்காக. அதே வகைப் பொறியைக் கொண்டு ஐரோப்பிய வானிலை மையம் 1979 ஆகஸ்டில் பல நாள்களுக்கு முன்னரே வானிலையைக் கணித்துரைக்கத் தொடங்கிற்று. எல் கேப்பிட்டன் அணு ஆயுதக் கையிருப்பைப் பேணும் பணிக்கு அமைந்தது. 2020இல் முதலிடம் பெற்ற ஜப்பானின் ஃபுகாகு, கொரோனாக் காலத்தில் இருமலின் நீர்த்துளிகள் காற்றில் பரவும் விதத்தைக் கணித்துக் காட்டியது. அழிவையும் காப்பையும் பொறி பிரித்தறியாது. அதனை ஏவுவோர் அறிவர்.

ஆகவே அடுத்த தரவரிசை வெளிவரும்போது, முதலிடம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்குப் பெயரையும் எண்ணையும் மட்டும் சொல்லி அனுப்புதல் போதாது. அப்பொறி எத்தடையைக் களைந்து முந்தியது, எப்பணிக்கு அமர்த்தப்பட்டது என்னும் இரண்டையும் சேர்த்தே அவனுக்குச் சொல்ல வேண்டும்.