லொயோலா: பிறந்த வீடா, மனம் மாறிய வீடா?

கத்தோலிக்க நாள்காட்டியில் புனிதர்களின் விழா பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில் வரும். அதையே விண்ணகத்தில் பிறந்த நாளாகத் திருச்சபை கொண்டது. மண்ணில் பிறந்த நாளுக்குப் பொது விழா பெற்றவர்கள் இயேசு, மரியா, திருமுழுக்கு யோவான் ஆகிய மூவரே. பழைய திருப்பயணிகளும் கல்லறையைத் தேடித்தான் நடந்தார்கள். அப்படியிருக்க, புனிதர் ஒருவர் பிறந்த வீட்டைச் சுற்றிப் பேராலயம் எழுந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில், அஸ்பெய்த்தியாவை அடுத்துள்ள லொயோலாவில் அப்படி ஒன்று இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 1491-இல் பிறந்த இடம் அது. அவர் இறந்தது 1556-இல் உரோமையில். உடலும் அங்கே ஜெசு ஆலயத்தில்தான் உள்ளது. லொயோலாவுக்கு வாய்த்தது வீடு மட்டும்.

அந்த வீட்டின் சுவரே ஒரு ஆவணம். கீழ்ப்பாதி தடித்த கருங்கல் கோட்டை. மேற்பாதி கோலமிட்டதுபோல் அடுக்கிய செங்கல். குலப்பகையில் ஊறிய பாஸ்க் பிரபுக்களை அடக்க, காஸ்டிலிய மன்னர் நான்காம் ஹென்றி 1456-இல் அவர்களின் கோபுர வீடுகளை இடிக்கச் சொன்னார். தெற்கு எல்லைக்கு நாடுகடத்தப்பட்ட இஞ்ஞாசியாரின் பாட்டனார், திரும்பி வந்து மேல்தளங்களைச் செங்கல்லால் கட்டிக்கொண்டார். தெற்கே அவர் கண்ட மூரிய வேலைப்பாட்டின் சாயல் அதில் தெரிகிறது. ஒரு மன்னர் இடிக்கச் சொன்ன இந்த வீட்டை, சுமார் 225 ஆண்டுகள் கழித்து, அரசியார் மரியானாவே முன்னின்று இயேசு சபைக்கு வாங்கிக்கொடுத்தார்.

இங்கே திருப்பயணி தேடிப் போவது பிறந்த அறையை அன்று என்பதே என் வாதம். 1521 மே 20 அன்று பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு இனிகோவின் (இஞ்ஞாசியாரின் இளமைப் பெயர்) காலை முறித்தது. துருத்திய எலும்பு மிடுக்கான காலணிக்கு இடைஞ்சல் என்று அதை அறுக்கச் சொல்லி வலியைத் தாங்கிக்கொண்ட ஆள் அவர். லொயோலா வீட்டுப் படுக்கையில் கிடந்தபோது, படிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். அவர் படுத்திருந்த மேல்தள அறை இன்று மனமாற்றச் சிற்றாலயம். இனிகோ தம்மைக் கடவுளுக்குக் கையளித்தது இங்கேதான் என்று உத்தரத்தில் எழுதியிருக்கிறார்கள். வீட்டின் ஏறுபடிகள் எல்லாம் அந்த வாசகத்தில்தான் போய் முடிகின்றன.

பிறப்பும் மனமாற்றமும் ஒரே வீட்டில் நடந்தவைதாமே, எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். பிரித்தவர் இஞ்ஞாசியாரே. உடல்நலம் தேறச் சொந்த ஊருக்கு வந்த 1535-இல், அண்ணன் எவ்வளவு வற்புறுத்தியும் குடும்ப வீட்டில் தங்காமல் மகதலேனா ஏழையர் விடுதியில் தங்கினார். வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். யார் வருவார்கள் என்று அண்ணன் இகழ்ந்தபோது, ஒருவர் வந்தாலும் போதும் என்றார். குலப்பெருமையை அவர் உதறிய இந்த நிகழ்ச்சிக்கு, பின்னாளில் எழுந்த திருத்தலத்தின் அமைப்பில் இடம் இல்லை.

காரணம், கட்டியவர்களின் தேவை வேறு. கார்லோ ஃபொண்டானாவின் வரைபடத்தின்படி 1689-இல் வேலை தொடங்கியது. வட்டமான பசிலிக்கா நடுவில் அமர்ந்து, வீடு ஒரு பக்கக் கட்டடத்தின் உள்ளே ஒடுங்கியது. முன்னால் நிற்பவர் கண்ணில் படுவது குவிமாடம். வீட்டைத் தேடி உள்ளே போக வேண்டும். அரச ஆதரவையும் சபையின் புகழையும் ஒருங்கே காட்ட நினைத்தவர்களுக்கு ஏழையர் விடுதி எப்படிப் பயன்பட்டிருக்கும்? அந்த ஆதரவும் நிலைக்கவில்லை. 1738-இல் பசிலிக்கா திறக்கப்பட்டது. 1767-இல் மூன்றாம் சார்லஸ் இயேசு சபையினரை ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றினார். மொத்த வளாகமும் முடிய 1888 ஆனது.

ஆகவே லொயோலாவைப் ‘பிறந்த இடத் திருத்தலம்’ என்று வகைப்படுத்துவது பாதி உண்மையே. அங்கே போகிறவர்கள் அஸ்பெய்த்தியாவின் மகதலேனாவுக்கும் நடந்துவிட்டு வர வேண்டும். 1535-இல் அங்கிருந்து கிளம்பிய இஞ்ஞாசியார் பிறகு ஊர் திரும்பவே இல்லை.