மூடும் அதிகாரம்: சாண்ட்பாக்ஸ் செயலிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கணினியில் ஓடும் ஒரு செயலி தன்னோடு ஓடும் மற்றொரு செயலியை மூடலாமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குத் தொழில்நுட்பச் சில்லறை விஷயமாகத் தோன்றினாலும், அதனடியில் கிடப்பது அதிகாரம் யாருடையது என்ற பழைய விவகாரமே. யூனிக்ஸ் சம்பிரதாயத்தில், ஒரு பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் அதே பயனரின் வேறெந்த நிரலையும் நிறுத்தலாம்; 15 என்ற எண்ணுள்ள சமிக்ஞை முடித்துக்கொள்ளும்படி கேட்கும், 9 என்ற எண்ணுள்ளதோ கேளாமலே முடித்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2011-இல் மேக் கணினிகளில் புகுத்தி, 2012 ஜூன் முதல் தன் ஆப் ஸ்டோருக்கு வரும் செயலிகளுக்குக் கட்டாயமாக்கிய சாண்ட்பாக்ஸ் என்னும் அடைப்பு, இந்தச் சலுகையைப் பறித்தது. அதனுள் அடைபட்ட செயலி பிறிதொன்றை மூடச் சொன்னால் கட்டளை மறுக்கப்பட்டுத் திரும்பும்; மூடப்படவிருந்த செயலி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இம்மறுப்பு நியாயமானதே என்பது என் கட்சி. என் பெயரில் ஓடுகிறது என்பதற்காக ஒரு நிரல் நானாகிவிடாது. ஒவ்வொரு நிரலுக்கும் அதன் காரியத்துக்கு வேண்டிய அளவே அதிகாரம் தரவேண்டும் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இலேயே எழுதினர். அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு: பிறிதொரு நிரல் செய்யும் வேலையின் மதிப்பை வெளியிலிருந்து எந்த நிரலாலும் அறிய முடியாது.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இதற்குப் பிரத்தியட்சச் சான்று. 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் அருகே கடந்துசெல்வதை அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்துகொண்டிருந்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், கோளின் விளிம்புக்கு வெகு தொலைவிலேயே அந்நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கியதைக் கண்டனர். புதிய துணைக்கோள் என்றே அதை முதலில் கருதினர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்ட பின்னரே அது வளையம் என்பது தெளிவாயிற்று. கோள் இன்னும் எட்டவே இருக்கிறதே என்று பதிவுக் கருவியை அணைத்திருந்தால் அச்சில விநாடிகள் போனவை போனவைதாம். இன்றைய சிசிடி கேமராவில் அபாயம் இன்னும் கூடுதல்: மங்கலான ஒரு விண்மீன் மண்டலத்தை நோக்கி அரைமணி நேரம் திறந்திருக்கும்போது ஒளியெல்லாம் சில்லுக்குள் மின்னூட்டமாகச் சேர்கிறதேயன்றிக் கோப்பாவதில்லை, கேமராவை இயக்கும் நிரலோ கணினியின் மையச் செயலகத்தை ஏறக்குறையத் தொடாமல், திரையில் அசைவற்று நிற்கிறது. நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிவரும் செயலியின் கண்ணுக்கு, முதலில் மூடத்தக்க சோம்பேறி இதுவே! இறுதியில் நடக்கவேண்டிய வாசிப்புக்கு முன் நிரல் மடிந்தால், அரைமணி நேரச் சேகரிப்பு அத்தனையும் பாழ்.

தேர்வு நடத்தும் செயலிக்குப் பிறவற்றை அடக்கும் தேவை மெய்யாகவே உண்டே என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அதற்கும் மூடும் அதிகாரம் வேண்டியதில்லை. 2020-இல் மேக் கணினிக்கு வந்த தேர்வு நிலையில், செயலி விண்ணப்பிக்க, இயங்குதளமே மற்றவற்றை மாணவர் நாடாதபடி தடுக்கிறது.

என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. செயலியிடமிருந்து பறித்த அதிகாரம் முழுதும் பயனர் கைக்கு வரவில்லை. ஒரு சாண்ட்பாக்ஸ் செயலி இன்னொன்றை 'முடித்துக்கொள்' என்று மரியாதையாகக் கேட்பதற்குக்கூட, அந்த இன்னொன்றின் பெயரை முன்கூட்டியே எழுதி விதிவிலக்குக் கோர வேண்டும். ஆப் ஸ்டோருக்கு வருவதாயின் நிறுவனத்தின் பரிசீலகர் அதற்கு இணங்க வேண்டும். பயனரின் சம்மதம் மட்டும் போதாது. இந்தக் கெடுபிடி வேண்டாமென்று ஆப் ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலியை நாடினால், அங்கே சாண்ட்பாக்ஸ் கட்டாயமே இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி அமைப்பது அசாத்தியமன்று: 2018-இன் மொஹாவே பதிப்பு முதல், ஒரு செயலி மற்றொன்றை ஆள முற்படும்போது இன்னது இன்னதை ஆள விரும்புகிறது என்று இரண்டின் பெயரையும் சொல்லிப் பயனரிடம் அனுமதி கேட்கும் பெட்டி திரையில் தோன்றுகிறது; மூடும் கோரிக்கைக்கு அந்தப் பெட்டியில் கிடைக்கும் சம்மதமே போதும் என்று விதித்தால், பரிசீலகருக்கு அங்கே வேலை இராது.