ஊரே நின்ற ஒரே ஏரிக்கரை

ஸ்டூடியோத் திரைக்குப் பிறந்த ஊர் லண்டன். 1841இல் அந்துவான் கிளாதே என்ற பிரெஞ்சுக்காரர், படம் எடுத்துக்கொள்ள வந்தவரின் முதுகுக்குப் பின்னால் சித்திரம் எழுதிய துணியைத் தொங்கவிட்டு, அதற்குக் காப்புரிமையும் வாங்கி வைத்தார். 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற படக்கலைஞர் ஒரே தகட்டில் பல படங்கள் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். படத்தின் விலை இறங்கியது, கூட்டம் வந்தது. மாளிகை இல்லாதவருக்கு மாளிகைப் படிக்கட்டும் தோட்டம் இல்லாதவருக்குத் தோட்டமும் துணியில் காத்திருந்தன. திரையின் கணக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது: எழுதுகிற கூலி ஒரு தடவை, அதன் முன் நிற்பவர்கள் ஆயிரம் பேர்.

அந்தக் கணக்குதான் அதைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் மாட்டியிருக்கும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். கிரேக்கத் தூண், அதில் சுற்றிய கொடி, குஞ்சம் வைத்த திரைச்சீலை, தூரத்தில் ஏரி. அதன் முன்னே பஞ்சகச்சம் கட்டிய அப்பா நாற்காலியில், பக்கத்தில் மடிசாரோடு அம்மா, காலடியில் நகை போட்ட பிள்ளைகள். இப்படிப்பட்ட படங்களைத் தேடித் தேடிக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி குழுவினர் செய்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் அதற்குத் துணை நின்றது. அந்தக் காலத்துப் படங்களை வரிசையாகப் பரப்பினால் முகம் மாறும், சாதி மாறும், ஊர் மாறும். ஏரி மட்டும் சொந்தக்காரர் போல எல்லா விசேஷத்துக்கும் வந்து நிற்கும்.

மதுரைக்கு வந்தபோது திரைக்கு ஏற்கெனவே இங்கே உறவு இருந்தது. நாடகக் கம்பெனிகளின் ஊர் இது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியது மதுரையில்தான். கம்பெனி ஊர்விட்டு ஊர் போகும்போது மூட்டை முடிச்சில் பெரிய பாரம் சீன்கள் என்று சொல்லும் எழுதிய திரைகள்தான். தர்பார், காடு, தெரு, தோட்டம் ஆகிய நாலைந்து சீன் இருந்தால் வள்ளியிலிருந்து கோவலன் வரை ஓட்டிவிடலாம். இவற்றை எழுதிய கைகள் பிறகு எங்கெங்கோ போயின. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். பின் கோவில்பட்டியில் தங்கி, காலண்டர் படங்களால் தமிழ்நாட்டின் பூஜையறைகளுக்குள் நுழைந்தார். அவர் வழியில் வந்த காலண்டர்களில் சாமிக்குப் பின்னால் தெரியும் மேகத்தையும் மலையையும் நீரையும் பாருங்கள், நாடக சீனின் வாசனை இன்னும் அடிக்கும். சாமிக்கே திரை கட்டிய பிறகு ஆசாமி தூணோடும் ஏரியோடும் நின்றதில் என்ன தவறு?

எழுதும் முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலிவின் ரகசியம் அங்கேதான். வெளுக்காத காடா துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, பசை காய்ச்சி ஒரு பூச்சு. மேலே சுண்ணப்பொடியும் கரியும் கலந்த சாம்பல் நிறங்கள். பச்சை, நீலம் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தகடுகளுக்கு நிறம் ஒழுங்காகத் தெரியாது. நீலத்தை வெளுத்துக் காட்டும், சிவப்பைக் கருப்பாக்கிவிடும். அதனால் கெட்டிக்கார ஓவியன் உலகத்தையே சாம்பலில் எழுதினான். தூரத்து மலையை வேண்டுமென்றே மங்கலாகவும் விட்டான். கூர்மையாக எழுதினால் துணி என்று காட்டிக்கொடுத்துவிடும். மங்கினால் கண் தானாகவே தூரம் என்று நம்பிக்கொள்ளும்.

இந்த ஏரிக்கரை மதுரை நகரத்துக்காரர்களை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், மேற்கே நாகமலை புதுக்கோட்டையை ஒட்டிய கீழக்குயில்குடிக்காரர்களின் உடம்பை அரசாங்கம் வேறு விதமாகப் பதிவுசெய்தது. 1914இல் இந்த ஊர்க் கள்ளர் சமூகத்தார்மீது குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. ஊரார் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ராத்திரியானால் ஊரைவிட்டு நகர முடியாது, போலீஸிடம் ஆஜராக வேண்டும். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். பெருவிரலை மையில் முக்கிப் பழகிய தலைமுறை அது. அதற்கு அடுத்த தலைமுறை கல்யாணம் முடிந்த கையோடு பஸ் ஏறி டவுனுக்குப் போய், சட்டையின் மேல்பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நின்றதை வெறும் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு திரை வேகமாக மாறியது. 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கி, பின்னர் 'இந்து' பெயரில் உள்நாட்டு ஃபிலிமும் தாளும் கடைகளுக்கு வந்தன. கலர் வந்ததும் சாம்பல் ஏரிகள் ஒரே நாளில் கிழடு தட்டிப்போயின. நீல வானமும் சிவப்புப் பூவும் போட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. சித்திரைப் பொருட்காட்சியின் தற்காலிக ஸ்டூடியோக்களில் திரை குதூகலமாகவே ஆகிவிட்டது. தாஜ்மகால், பிறை நிலா, தலையை நீட்ட ஓட்டை விட்ட ஆகாய விமானம். கடைசியில் ஃப்ளெக்ஸ் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, சுவிட்சர்லாந்தைச் சாயந்திரத்துக்குள் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கையால் எழுதியவர்களுக்கு வேலை போனது. கரிஷ்மா என்கிற கல்யாண ஆல்பத்தில் கம்ப்யூட்டரே பின்னணியை ஒட்டிவிடுவதால் அந்த ஃப்ளெக்ஸும் இப்போது பாதி நாள் சுருட்டியே கிடக்கிறது.

மலிவைத் தேடியவர்கள் நாம் மட்டுமில்லை. அமெரிக்கப் படக்கலைஞர் இர்விங் பென் 1950இல் பாரிஸில் ஒரு பழைய நாடகத் திரையைக் கண்டெடுத்தார். சாம்பல் நிறம், மேகம் போன்ற கறைகள், அவ்வளவுதான். கடைசிவரை அதை விடவில்லை. உலகப் புகழ்பெற்ற முகங்கள் அதன் முன்னால் வந்து உட்கார்ந்தன. மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் ஸ்டூடியோ திறந்த செய்தூ கெய்தா என்ற படக்கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் படுக்கை விரிப்பையே கட்டினார். அது நைந்ததும் வேறு துணி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. பின்னாளில் எந்தப் படம் எந்த வருஷம் என்று கேட்டபோது அவருக்குக் கைகொடுத்தது பின்னால் தெரிந்த துணிதான்.

கீழக்குயில்குடியில் இன்று திரைக்குப் போட்டி மலை. சமணமலை அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், ஆலமரங்கள். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு மேலான தீர்த்தங்கரர் சிற்பங்கள், பக்கத்தில் வட்டெழுத்து. கல்யாணத்துக்கு முன் படமெடுக்க மதுரையிலிருந்து ஜோடிகள் வருகிறார்கள். துணியில் எழுதி ஏமாற்றிய அதே ஏரியும் மலையும் இங்கே நிஜமாகவே, வாடகையில்லாமல் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: திரையில் சாய்ந்தால் துணிதான் கசங்கும், சிற்பத்தில் சாய்ந்தால் அப்படியில்லை.

ஆனால் மலை மத்தியான வெயிலுக்கும் மழைக்கும் உதவாது. ஸ்டூடியோ வைக்கிற பையனுக்குத் துணி வேண்டும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் அகலக் காடா கிடைக்கும். சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரில் இரண்டு சாம்பல் கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் இர்விங் பென்னின் மேகம் ஏறக்குறைய வந்துவிடும். மடிக்கக் கூடாது, மடித்த கோடு படத்தில் விழும், பி.வி.சி. குழாயில் சுருட்டி வைக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் வாங்கினால் ஃபிளாஷ் பட்டு மினுங்கும். ஆளைத் திரையைவிட்டு ஐந்தாறு அடியாவது முன்னால் நிறுத்தினால் நிழலும் விழாது, துணியின் குறையும் தெரியாது. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கும் பரீட்சை விண்ணப்பத்துக்கும் வருகிறவர்கள்தான் தினப்படி கல்லாவை நிரப்புவார்கள். அவர்களுக்கு ஏரியும் வேண்டாம், மேகமும் வேண்டாம். வெள்ளைச் சுவர் ஒன்று போதும்.